திரும்பி வராத ஜாடிகள்

டெஸ்ஸா சாம்ஸனின் சூப் ஜாடிகள் ஏன் திரும்பி வருவதில்லை என்பதற்கு ஒன்றரை வருஷமாக நான் தப்பான காரணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜனங்களுக்குச் சோம்பல் என்றேன். கழுவி வாசலில் வையுங்கள், புதன்கிழமை அவளே எடுத்துக்கொள்வாள் என்று அலுவலகப் பலகையில் எழுதிப் போட்டேன். அப்போதும் வரவில்லை. மாதாமாதம் அவள் புது ஜாடி வாங்கினாள்.

முப்பது வயதுக்குட்பட்டவர்கள் சொந்தத் தொழில் தொடங்கவும், தொடங்கியது நிலைக்கவும் உதவுவதுதான் எங்கள் அலுவலகத்தின் வேலை. காகித ஆலை மூடிய பிறகு, கனடாவில் கேப் பிரெட்டன் தீவின் தெற்குக் கரையில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மேற்கே எண்ணெய் வயல்களுக்குப் போனார்கள். கிறிஸ்துமஸுக்கு வந்தார்கள். பிறகு அதற்கும் வருவதில்லை. போகிறவர்களில் ஓரிருவரையாவது நிறுத்தலாமே என்று தொடங்கிய அலுவலகம் இது. பதினொரு வருஷமாக நான் இங்கே ஆலோசகர். அதற்குமுன் ஊர் வாரப் பத்திரிகையில் நிருபராக இருந்தேன், அதுவும் மூடிவிட்டது. இதுவரை முப்பத்தெட்டுத் தொழில்களுக்கு ரிப்பன் வெட்டியிருக்கிறோம். முழங்கை நீளக் கத்தரிக்கோல் என் மேஜைக்குப் பின்னால்தான் மாட்டியிருக்கிறது. இன்று நடப்பவை ஒன்பது.

எங்கள் நிர்வாகக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. நம் பிள்ளைகள் எதை விற்றாலும் முதலில் நாம் வாங்க வேண்டும். குழுத் தலைவர் லார்ன் பீட்டன் தொடங்கி வைத்தது. குழுவில் இருப்பவர்கள், வழிகாட்டிகளாகப் பெயர் கொடுத்தவர்கள், வங்கிக்காரர்கள், நகராட்சிக்காரர்கள் எல்லோரும் வாங்குவோம். என் வீட்டில் நாய் கிடையாது. நாய்ச் சட்டை இரண்டு இருக்கிறது.

டெஸ்ஸாவுக்கு இருபத்துநான்கு வயது. முதியோர் இல்லத்துச் சமையலறையில் மூன்று வருஷமாகக் கூப்பிட்டால் போகும் வேலை. புதன்கிழமைகளில் தேவாலயத்து அடுக்களையை வாடகைக்கு எடுத்து, ஹாடக் மீனும் உருளைக்கிழங்கும் பாலும் சேர்த்து சூப் வைத்து, ஜாடியில் அடைத்து வீடு வீடாகக் கொடுப்பாள். வாரம் நாற்பத்தேழு ஜாடி. பனிப்புயல் வாரத்திலும் அந்த எண்ணிக்கை குறையவில்லை.

பிப்ரவரி கடைசியில், ஒரு திங்கட்கிழமை, இரண்டு காகிதங்களோடு வந்தாள். பூட்ஸிலிருந்த பனியைத் தட்டாமலே உட்கார்ந்தாள்.

"ரோடா, இதைப் பாருங்க. மூடிக் கிடக்கே, அந்தப் பழைய மருந்துக்கடை. அஞ்சு வருஷக் குத்தகை. வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போடணுங்கறான் கட்டடக்காரன்."

"இன்னொண்ணு?"

"இல்லத்துல நிரந்தர வேலை. ஓய்வூதியம், பல் வைத்தியம் எல்லாம் உண்டு. அதுக்கும் வெள்ளிக்கிழமைதான் கெடு. ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டாங்க போல." கன்னத்தை அழுத்திக்கொண்டாள். ஒரு கடைவாய்ப் பல் அவளைப் புத்தாண்டிலிருந்து படுத்திக்கொண்டிருந்தது.

"நீ என்ன நினைக்கிறே?"

"அம்மா வேலைங்கறா. நான் கடைங்கறேன். நாப்பத்தேழு வீடு வாங்குது, ரோடா. வாரத்துல ஒரு நாளைக்கே நாப்பத்தேழு! ஆறு நாள் திறந்தா?"

கட்டடக்காரருக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் கேட்டாள். புதன்கிழமைக்குள் தருகிறேன் என்றேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன். எங்களுக்குப் பணம் தரும் அரசுக்கு அனுப்பும் மார்ச் மாத அறிக்கைக்கு எனக்கும் ஒரு கடை தேவைப்பட்டது.

மறுநாள் அலுவலகக் காசோலைகளில் லார்னின் கையெழுத்து வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். முழங்கால் அறுவை முடிந்து சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக் கிடந்தார்.

"வந்ததுதான் வந்தே, பின்கட்டு ஃப்ரீஸர்ல பட்டாணிப் பை இருக்கும். எடுத்தா. முட்டி கொதிக்குது."

பெரிய பெட்டி ஃப்ரீஸர். மூடியைத் தூக்கினேன். பட்டாணி தெரியவில்லை. ஜாடிகள் தெரிந்தன. மூன்று அடுக்கு. ஒவ்வொன்றின் மூடியிலும் டெஸ்ஸாவின் கையெழுத்தில் தேதி. அடியில் இருந்தது போன வருஷ நவம்பர். ஒன்று வெடித்து, உறைந்த பாலோடு மான்கறிப் பொட்டலத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

என் வீட்டு நிலவறை ஃப்ரீஸரிலும், அக்கம்பக்கத்தில் தள்ளிவிட்டது போக, பதினேழு ஜாடி இருந்தது. எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. என் கணவர் ஹெக்டருக்கு மீனே ஆகாது. எங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன்.

பட்டாணிப் பையோடு திரும்பினேன்.

"லார்ன், நீங்க அந்த சூப்பைச் சாப்பிடறதே இல்லையா?"

"ஆரம்பத்துல சாப்பிட்டோம். நல்லாத்தான் இருந்துச்சு. வாரா வாரம் எவன் சாப்பிடுவான்? நம்ம புள்ளைன்னு வாங்கறோம்."

"எத்தனை பேர் இப்படி வாங்கறாங்க?"

"எல்லாரும்தான். நான்தானே சொல்லி வெச்சேன்." அதில் அவருக்குப் பெருமை. பையை முட்டியில் வைத்து ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஏய், அந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவகிட்டப் போய் உளறிடாதே. கடை திறந்தா ஆள் தானா வரும்."

"வராட்டி?"

"வராட்டி அப்பப் பாப்போம். மார்ச்சுல மேலே என்னத்தைக் காட்டறது? முப்பத்தெட்டுல ஒன்பதுன்னா? அலுவலகத்தையே மூடிடுவான். அப்புறம் நீயும் வீடு வீடா சூப் விக்கலாம்."

அலுவலகம் திரும்பி டெஸ்ஸா கொடுத்திருந்த வாடிக்கையாளர் பட்டியலை எடுத்தேன். எத்தனையோ முறை பார்த்த பட்டியல். தெரிந்த பெயர்களாக இருந்தன. இந்த ஊரில் எல்லாப் பெயரும் தெரிந்த பெயர்தான், அதனால் உறைக்கவில்லை. இப்போது பென்சிலால் எங்கள் ஆட்களைக் குறித்துக்கொண்டே வந்தேன். நாற்பத்தொன்று. அதில் என் தங்கையும் இருந்தாள். சிபாரிசுக் கடிதம் பாதி எழுதியபடி திரையில் கிடந்தது. வீட்டுக்குப் போய்ப் பேசாமல் படுத்துவிடலாம் என்றுதான் தோன்றியது. இதுவரை மூடிய இருபத்தொன்பது பேரிடமும் நான்தான் கடைசியாகப் பேசினேன். என்ன சொல்ல வேண்டும் என்று இன்னும் பழகவில்லை.

புதன்கிழமை காலை தேவாலயத்து அடுக்களைக்குப் போனேன். டெஸ்ஸா உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கடிதமா?"

"இல்லை. ஒண்ணு கேக்கணும். ஜாடியைக் கழுவித் திருப்பிக் குடுக்கறவங்க யார் யாரு?"

"ரெண்டு மூணு பேர்தான். கராஜ்ல டங்கன், அவன் தம்பி. தபால் வண்டி ஓட்டற ஜோசெட். பாலத்துக்கிட்ட இருக்கற அந்த ரெண்டு நர்ஸுங்க. அப்புறம் கிழட்டு பூட்ரோ. அவன் ஜாடியோட ஒரு குறையும் சேத்துக் குடுப்பான். 'மிளகு பத்தலை, யாரு வீட்டுப் பொண்ணு நீ'ம்பான்."

"ஆறு பேர்."

"ஆறுன்னு வைங்க. ஏன்?"

சொன்னேன். லார்னின் ஃப்ரீஸர், என் நிலவறை, பென்சில் குறி, எல்லாவற்றையும். சுற்றி வளைக்காமல் சொன்னேன் என்றுதான் நினைவு. கத்தி பலகை மேல் நின்றது.

"பதினேழா?" என்றாள்.

"பதினேழு."

"நல்லா இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"எனக்குப் பால் ஒத்துக்காது, டெஸ்ஸா."

"அதைச் சொல்ல ஒன்றரை வருஷம் ஆச்சா?" அவள் குரல் உயரவில்லை. "பூட்ரோ கிழவன் மிளகு பத்தலைன்னான். மறுவாரமே கூடப் போட்டேன். நீங்க எல்லாரும் 'அருமை, அருமை'ன்னீங்க. என்னத்தைத் திருத்தறது நான்?"

அடுப்பில் பால் பொங்கப் போனது; அவளே திரும்பித் தணித்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு கிளறினாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் எளிதாக இருந்திருக்கும்.

"கார் இருக்கா?" என்றாள் கடைசியில்.

"இருக்கு."

"ஆறு ஜாடி போதும் இன்னிக்கு. அதைக் குடுத்துட்டு, மத்த வீட்டுக்குப் போறோம். என் ஜாடியெல்லாம் எனக்கு வேணும்."

அன்று மத்தியானத்திலிருந்து நான் ஓட்டினேன், அவள் இறங்கினாள். வங்கி மேலாளரின் மனைவி கதவைப் பாதி திறந்து, காலி ஜாடி எதுவும் இல்லையே என்றாள். "நிறைஞ்சதே குடுங்க" என்றாள் டெஸ்ஸா. நகராட்சி எழுத்தர், ஒன்றை இன்றிரவு சாப்பிடத்தான் எடுத்து வைத்திருக்கிறேன் என்றார். மூடியிலிருந்த தேதி அக்டோபர். என் தங்கை அழுதாள். டெஸ்ஸாதான் அவளுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது. லார்ன் நாற்காலியிலிருந்து எழ முடியாமல், "கடை திற கண்ணு, நாங்க இருக்கோம்" என்று கத்தினார்.

"நீங்க இருக்கறதுதான் தெரியுமே" என்றாள் அவள், ஃப்ரீஸருக்குள் குனிந்தபடி.

கடைசியாக என் வீடு. ஹெக்டர் பதினேழையும் தூக்கிவந்து வைத்தார். காரின் பின்பக்கம் தாழ்ந்துவிட்டது. திரும்பும் வழியில் ஒவ்வொரு பள்ளத்திலும் கண்ணாடி கலகலத்தது. மடியில் வைத்திருந்த ஒன்றின் மூடியை அவள் பெருவிரலால் தேய்த்துத் தேதியைப் படித்தாள்.

"இந்தத் தேதியில எனக்கு நூத்திரெண்டு டிகிரி காய்ச்சல்" என்றாள். "ஆனாலும் வெச்சேன். நாப்பத்தேழு வீடு காத்திருக்குமேன்னு."

வெள்ளிக்கிழமை முதியோர் இல்லத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். கடை வேண்டாம் என்று கட்டடக்காரரிடம் போனில் அவளே சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை, ஜோசெட் சொல்லித் தெரிந்தது.

மார்ச் அறிக்கையில் 'தொழில் நடக்கிறதா?' என்று ஒரு கட்டம் உண்டு. 'ஆம்' என்று போடச் சொல்லி லார்ன் இரண்டு முறை போன் செய்தார். 'ஆம்' என்றே போட்டேன்; வாடிக்கையாளர் எத்தனை என்ற அடுத்த கட்டத்தில் ஆறு என்று எழுதினேன். அடுத்த பக்கத்தில், நாற்பத்தொன்று பற்றியும் எழுதினேன். அது யார் கண்ணிலாவது படுமா தெரியாது.

ஏப்ரலில், பனி உருகிச் சேறான ஒரு புதன்கிழமை, அவளுக்கு இல்லத்தில் விடுமுறை நாள், தேவாலயத்து வாசலில் அவளைப் பார்த்தேன். கன்னம் வீங்கியிருந்தது, பல்லைப் பிடுங்கிவிட்டாள். கையில் ஒரு பெட்டி, அதில் எட்டு ஜாடி.

"எட்டா?"

"நர்ஸுங்க கூட வேலை பாக்கற ரெண்டு பேர். அவங்களா கேட்டாங்க."

"என்னையும் சேத்துக்கோயேன்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. பதினொரு வருஷப் பழக்கம்.

"உங்களுக்குப் பிடிக்குமா?"

"இல்லை."

"அப்ப விடுங்க" என்று பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வண்டிக்குப் போனாள்.