அரை மில்லிமீட்டர் கம்பி

கம்பி விஷயத்தில் ஒடிலியாவின் கையை எல்லோரும் நம்பினார்கள். தொர்ரியோன் நகரில் கார்களுக்கு வயரிங் கட்டும் தொழிற்சாலையில் அவளுக்குப் பதினாலு வருஷ வேலை. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே எது தடிமன், எது மெலிசு என்று சொல்லிவிடுவாள் என்று அங்கே பேர் வாங்கியிருந்தாள். வேப் என்கிற மின்சிகரெட்டை விற்கக் கூடாதென்று சட்டம் வந்து கடைகள் மூடியபிறகு, தெரிந்தவர்கள் அவளைத்தான் தேடி வந்தார்கள். ஷிப்ட் முடிந்து வந்து, சமையலறை மேசையில் உட்கார்ந்து, வேப்புக்குள் திரவம் ஊறிய பஞ்சைச் சூடாக்கும் அந்தக் குட்டிச் சுருள்களைச் சுற்றிக் கொடுப்பாள்.

முதலில் வந்தவன் அவள் கொழுந்தன் எவரார்தோ. டவுன் பஸ் ஓட்டுகிறவன். ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் சிகரெட் ஊதி, மாடிப்படி ஏறினால் நாய் மாதிரி இரைத்தவன். வேப்புக்கு மாறி ஒன்றரை வருஷமாகச் சிகரெட்டைத் தொடவில்லை. அந்தப் பெருமையில் பாதி அண்ணியுடையது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவான்.

ஆனால் அவனுக்கு எப்போதும் புகை போதாது.

"என்ன அண்ணி இது, கொசு கொட்டாவி விட்ட மாதிரி வருது! இன்னும் கொஞ்சம் தடியான கம்பியில சுத்தேன்."

"கம்பி தடிச்சா தடை குறையும்டா. தடை குறைஞ்சா பேட்டரியிலேருந்து மின்சாரம் மடை திறந்த மாதிரி பாயும். உன் பேட்டரியோ பழைய லேப்டாப்ல பிரிச்செடுத்தது. உன் கருவியோ வெறும் குழாய், சூடானா தானா நிக்கிற வகை இல்ல. புள்ளி நாலு மில்லிமீட்டர்தான். அதுக்கு மேல கேட்டே, கையை உடைப்பேன்."

அவன் சிரிப்பான். கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவான்.

சம்பவம் நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. முந்தின வாரம்தான் புது ஆளிடமிருந்து ஒரு கம்பிச் சுருணை வாங்கியிருந்தாள். அட்டையில் பேனாவால் புள்ளி நாலு என்று எழுதியிருந்தது. காலையில் அதிலிருந்து எவரார்தோவுக்கு இரண்டு சுருள் சுற்றிக்கொண்டிருந்தபோது, கம்பி விரலில் கொஞ்சம் முரண்டு பிடித்தது. வழக்கமாக வளைகிற மாதிரி வளையவில்லை. அவள் ஒரு கணம் நிறுத்தினாள். அளக்கும் கருவியும் தடை பார்க்கும் மீட்டரும் பின்னாலிருந்த இழுப்பறையில்தான் இருந்தன. எழுந்து எடுத்துப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகும்.

வாசலில் ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. எவரார்தோ பஸ்ஸை நிறுத்தி வைத்திருந்தான். "யோவ், உங்க வீட்டு வேலையைப் பார்க்கவா நாங்க ஏறினோம்?" என்று உள்ளேயிருந்து யாரோ கத்துவது கேட்டது.

"அண்ணி! என்னை அடிச்சே கொன்னுடுவாங்க, சீக்கிரம் வா!"

புதுக் கம்பி, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அவன் கொடுத்துவைத்திருந்த குழாயில் சுருளைப் பொருத்தி, பஞ்சு திணித்து, பஸ் ஜன்னல் வழியாக அவன் கையில் கொடுத்தாள்.

மத்தியானம் தொழிற்சாலைக்குப் போன் வந்தது. எவரார்தோவின் மனைவி மரிக்ரூஸ். அழுகையில் பாதி வார்த்தை புரியவில்லை. சிக்னலில் பஸ் நின்றிருந்தபோது குழாய் கையிலேயே கொதித்திருக்கிறது. வெளியே வீசலாம் என்று கையை ஓங்குவதற்குள் பேட்டரி வெடித்து நெருப்பைக் கக்கிவிட்டது. வலது கையும் தொடையும் வெந்துபோயின. பஸ்ஸில் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒடிலியா நேரே ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வீட்டுக்குப் போனாள். இழுப்பறையைத் திறந்து, அளக்கும் கருவியின் பல்லிடுக்கில் அந்தக் கம்பியை வைத்தாள். அரை மில்லிமீட்டர். இன்னொரு துண்டு வெட்டி வைத்தாள். அதுவும் அரை. காலையில் விரல் சொன்னது சரிதான். கேட்காமல் விட்டவள் அவள்தான்.

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் மரிக்ரூஸ் அவளைக் கட்டிக்கொண்டாள். அவள் கண்ணில் அழுகை போய்க் கோபம் வந்திருந்தது.

"எல்லாம் அந்தப் பாஸ்குவால் செஞ்ச வேலைக்கா. சந்தையில பழைய பேட்டரி விக்கிறானே, அந்தப் பாவி. எங்க அண்ணனுங்க நேத்தே போயி அவன் கடையைக் கவுத்துட்டு வந்துட்டாங்க. பேட்டரியெல்லாம் தரையில கொட்டி மிதிச்சாங்களாம். அவன் வாயைத் திறக்கலையாம். தப்பு பண்ணவன் எப்படித் திறப்பான்?"

ஒடிலியா சும்மா இருந்துவிட்டால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. வெந்து கருகிய சுருளை யார் அளந்து பார்க்கப் போகிறார்கள்? அந்த எண்ணம் வந்ததே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"மரிக்ரூஸ், பேட்டரி இல்ல. கம்பி."

"என்ன கம்பி?"

"நான் சுத்தின கம்பி. தடிமன் தப்பு. எனக்கு அப்பவே சந்தேகம் வந்துச்சு. அளந்து பாக்காம குடுத்துட்டேன்."

மரிக்ரூஸ் இரண்டடி பின்னால் போனாள். கதவு திறந்திருந்ததால் கட்டிலில் இருந்த எவரார்தோவுக்கும் கேட்டிருக்கிறது.

"ஹாரன் அடிச்சு உயிரை எடுத்தது நான்தானே, அண்ணி," என்றான் அவன். கட்டுப் போட்ட கையைப் பார்த்தபடியே சொன்னான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ பேசாத!" என்று அவனை அடக்கிவிட்டு, மரிக்ரூஸ் ஒடிலியாவிடம் திரும்பினாள். "சந்தேகம் வந்துச்சுன்னு சொல்றீங்க. அப்புறமும் குடுத்தீங்க. இனிமே எங்க வீட்டுப் படி ஏறாதீங்கக்கா."

'அக்கா' என்பதை மட்டும் வாய்ப் பழக்கத்தில் சொல்லிவிட்டாள்.

அங்கிருந்து ஒடிலியா சந்தைக்குப் போனாள். பாஸ்குவால் குந்தி உட்கார்ந்து, நசுங்கிய பேட்டரிகளைத் தனியாகவும் நல்லதைத் தனியாகவும் பிரித்துக்கொண்டிருந்தார். உதடு வீங்கியிருந்தது. அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை அவர் நிமிரவில்லை.

"என் காதுல வந்து சொல்லி என்னம்மா பிரயோஜனம்? எனக்குத்தான் தெரியுமே. அவன் வாங்கும்போதே மெலிசான கம்பியைப் போடுன்னு சொல்லித்தான் குடுத்தேன். இதோ இவங்ககிட்ட சொல்லு. நேத்துலேருந்து ஒருத்தன் என் மூஞ்சியைப் பாக்கல."

அவள் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள். செருப்புக் கடைக்காரன், மிளகாய் விற்கிறவள், சாறு பிழிகிற இரண்டு பெண்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். ஒன்றும் விடாமல் முழுதாகச் சொன்னாள். சாறு பிழிகிறவர்களில் ஒருத்தி மிஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள். பாஸ்குவால் மட்டும் நிமிராமல் பேட்டரி பொறுக்கிக்கொண்டேயிருந்தார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அதே சுருணையிலிருந்து எவரார்தோவைத் தவிர இன்னும் ஏழு பேருக்கு, ஷிப்ட் முடிந்த களைப்பில் விரலைக் கவனிக்காமல் சுற்றிக் கொடுத்திருந்தாள். அன்று சாயங்காலமே வீடு வீடாக ஏறி இறங்கினாள். "நல்லாத்தானே இருக்கு, ஏன் புடுங்குறே?" என்று ஒருவன் சண்டைக்கு வந்தான். "இதுவரைக்கும் குடுத்ததிலேயே இதுதான் ஜோர்" என்றாள் ஒருத்தி. அந்த ஜோர்தான் வெடிக்கும் என்றாள் ஒடிலியா. கெஞ்சியும் அதட்டியும் வியாழன் இரவுக்குள் ஆறு பேரிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டாள்.

ஏழாவது ஆளின் பெயர் அவளுக்குத் தெரியாது. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கோமெஸ் பலாசியோ ஊரிலிருந்து வந்தவன், ஒல்லி, பேக்கரி மாவு ஒட்டிய சட்டை. யாரோ சொல்லி வந்ததாகச் சொன்னான். யார் சொன்னது என்று அவள் கேட்டுவைக்கவில்லை.

எவரார்தோவின் கை இரண்டு மாதத்தில் ஆறியது. ஆனால் இரண்டு விரல் மடங்கவில்லை. ஸ்டியரிங் பிடிக்க முடியாதென்று அவனை டிப்போவில் கேட் திறக்க உட்காரவைத்தார்கள். அவன் மறுபடி சிகரெட் பிடிக்கிறான் என்று கேள்விப்பட்டாள். போய்ப் பார்க்க வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அந்த ஏழாவது ஆளைத் தேடிப் பாலத்தைத் தாண்டிப் போகிறாள். இதுவரை பதினோரு பேக்கரிகளில் கேட்டுவிட்டாள். ஒல்லியாக, இருபத்தைந்து வயசு இருக்கும், வேப் இழுப்பான் என்கிறாள். அப்படி நாலு பேர் இருக்காங்களே, உனக்கு யார் வேணும் என்கிறார்கள். நாலு பேரையும் கூப்பிடச் சொல்கிறாள். ஒவ்வொருவனாக மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறான். அவள் முகத்தைப் பார்க்கிறாள், அவன் இல்லை என்கிறாள். அடுத்த கடை எங்கே இருக்கிறது என்று அவனிடமே கேட்டுக்கொண்டு நடக்கிறாள்.