தொண்ணூற்றொன்பதாவது ஓட்டு

கடைக்கு வருகிறவர்கள் அவளைப் பார்த்ததும் அவள் தோளுக்குப் பின்னால் வேறு யாரையோ தேடுவார்கள். "மெக்கானிக் இல்லையாம்மா?" பதினோரு வருடமாகத் தையல் மெஷின்களைப் பிரித்துப் பூட்டுகிறவள், "நான்தாங்க" என்பாள்.

இணையத்தில் மட்டும் யாரும் அப்படித் தேடியதில்லை. தையல் மெஷின் பற்றிய கேள்வி பதில் தளத்தில் ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு பதில் எழுதினாள். இறுகிப்போன மெஷினை மண்ணெண்ணெய் விட்டு எப்படி இளக்குவது என்று. அதற்கு இப்போது தொண்ணூற்றொன்பது ஓட்டு. நூறாவது விழுந்தால் தளத்தில் அவள் பேருக்குப் பக்கத்தில் தங்கப் பதக்கப் படம் வரும். அதை அச்செடுத்து மாட்டச் சுவரில் ஆணிகூட அடித்தாயிற்று.

கடையில் வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் நாத்தனாருக்கு அந்த ஆணி ஒரு விளையாட்டுப் பொருள்.

"என்ன அண்ணி, ஒத்தை ஓட்டுக்கு இப்படித் தவம் கிடக்கறீங்க. நான் ஒண்ணு போட்டுடவா?"

"நீ போட்டா அது கள்ள ஓட்டு. பேசாம இரு."

அன்று காலை ஒரு பள்ளி ஆசிரியை மெஷினோடு வந்தார். புது ரகம், கையில் தூக்கக்கூடிய எடை. சக்கரத்தைச் சுற்றினால் உள்ளே கடகடத்தது. மூடியைக் கழற்றியதும் மண்ணெண்ணெய் வாடை. பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் கிரீஸ் துளிகூட இல்லை. பற்கள் மழுங்கிக் கிடந்தன.

"என்ன ஊத்தினீங்க டீச்சர்?"

"நெட்ல பாத்துத்தாம்மா செஞ்சேன். குழந்தைக்குச் சொல்ற மாதிரி எழுதியிருந்தாங்க. ஊத்தினதும் அப்படி ஓடுச்சு! அந்தச் சந்தோஷத்துல ஓட்டுகூடப் போட்டேன். அஞ்சாறு நாள் கழிச்சுத்தான் இந்தச் சத்தம்."

அவளுக்குக் காது சுட்டது. தமிழில் அப்படி எழுதியது அவள் ஒருத்திதான். பழைய இரும்பு மெஷினை மனதில் வைத்து எழுதியது அது. பிளாஸ்டிக்குக்கு ஆகாது என்று ஒரு வரி சேர்க்கத் தோன்றவில்லை.

"மத்தியானம் வாங்க. பாத்து வைக்கறேன்" என்றாள்.

அந்தத் தளத்தின் விதி அவளுக்கு மனப்பாடம். பதிலைத் திருத்தினால் ஓட்டுப் போட்டவர்கள் அதைத் திரும்பப் பெறலாம். பதக்கம் ஒருமுறை வந்துவிட்டால் யாரும் பிடுங்க மாட்டார்கள். ஒரே ஒரு ஓட்டு. வந்ததும் திருத்திவிடலாம். இன்று ஒருநாள் பொறுத்தால் என்ன?

போனைக் கவிழ்த்து வைத்தாள். உடனே எடுத்தாள். ஓட்டு நகரவில்லை. பதிலைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை மட்டும் காலையிலிருந்து பதினொன்று கூடியிருந்தது. பதினோரு வீட்டில் யாரோ மண்ணெண்ணெய்ப் புட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மெஷின் ஓடிய அந்த நிமிடத்தில் கை தட்டியவர்கள்தானே இந்தத் தொண்ணூற்றொன்பது பேரும்? ஆறாம் நாள் என்ன ஆயிற்று என்று திரும்பி வந்து சொன்னவர் யார்?

"அண்ணி, போட்ட ஸ்க்ரூவையே மறுபடி கழட்டறீங்க."

மதியம் ஆசிரியை வந்தபோது அவள் எழுந்து நின்றாள்.

"டீச்சர், அந்தப் பதிலை எழுதினது நான்தான்."

அவர் முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தார். "நீயாம்மா?" கோபத்தைவிட அதில் நம்பாமை அதிகம் இருந்தது. அது இன்னும் வலித்தது.

"நான்தான். பல்சக்கரத்தை என் செலவுலயே மாத்தித் தர்றேன்." அவர் முன்னாலேயே போனை எடுத்தாள். பதிலுக்கு மேலே முதல் வரியாக எழுதினாள்: பிளாஸ்டிக் பல்சக்கரம் உள்ள மெஷினில் இதைச் செய்யாதீர்கள். இதைச் சொல்லாமல் விட்டது என் தவறு. சேமித்தாள். "இப்ப உங்க ஓட்டைத் திரும்ப எடுத்துக்கலாம்."

"யோசிக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஆசிரியை படியிறங்கினார்.

சாயங்காலமும் தொண்ணூற்றொன்பதுதான். மன்னித்தாரா, மறந்தாரா, தெரியவில்லை. காலையில் நூறு வராதோ என்று தவித்தவள், இப்போது அந்த எச்சரிக்கையைப் படிக்காமலே யாராவது போட்டு அது வந்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆணியைப் பிடுங்கிடவா அண்ணி?"

"இருக்கட்டும்" என்றாள். கை மறுபடியும் போனுக்குப் போயிற்று.