எந்த ரோஸ்?

கட்டிலுக்குப் பின்னால் இருக்கும் ஒரே ஒரு சுவருக்குத்தான் ரோஸ் நிறம். அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு விதமான ரோஸில் இரண்டு கட்டம் பூசிவிட்டு, காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தாள் பெயிண்டுக்காரி. காய்ந்தால்தான் உண்மையான நிறம் தெரியும். காய்ந்தும் நெடுநேரமாகிவிட்டது. இரண்டும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் மாதிரி நின்றன. வெளிநாட்டில் படிக்கும் மகளுக்குப் போட்டோ அனுப்பிவிட்டு, வீட்டுக்காரம்மா பதிலுக்கு உட்கார்ந்திருந்தாள்.

"மேடம், ஏதாவது ஒண்ண சொல்லிடுங்க. என் பொண்ணு சாயங்கால பஸ்ல மில்லு வேலைக்குப் போறா. ஒரு வருஷத்துக்கு வீட்டுக்கே அனுப்ப மாட்டாங்களாம். நான் போய் ஏத்திவிடணும்."

"போலாம், போலாம். அவசரத்துல பண்ற காரியமா இது? பாப்பா ரூமு!"

பெயிண்டுக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் வீட்டில் இருந்தால் பாப்பா, என் வீட்டில் இருந்தால் பாறாங்கல்லா? நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

வெயில் இறங்கிய பிறகு பதில் வந்தது. இடதுபக்கத்து ரோஸாம்.

"நாளைக்குக் காலையில முதல் வேலையா அடிச்சுத் தரேன் மேடம்."

"இப்பக் கிளம்பினா நாளைக்கு வராத. வேற ஆளப் பாத்துக்கறேன்."

ரோலரை முக்கினாள். சுவரைத் தொட்டுவிட்டால் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். நடுவில் விட்டால் ஒட்டுப்போட்ட மாதிரி கோடு விழுந்துவிடும். பாதிச் சுவரில் போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள்.

"எங்கம்மா இருக்க? டிரைவர் ஏறிட்டாரு."

"தோ, வந்துட்டே இருக்கேன்டி. ஜன்னலோரமா உக்காந்துக்கோ."

"பொய் சொல்லாதம்மா. ரோலர் சத்தம் கேக்குது."

அவள் கை அப்போதும் நிற்கவில்லை.

"சாப்பாட்டுப் பொட்டலத்த மறக்காம எடுத்துக்கிட்டியா?"

"ம்... வண்டி எடுத்துட்டாங்கம்மா. வெச்சிடறேன்."

முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு மீதிச் சுவரை அடித்து முடித்தாள். ஒரு கோடுகூட விழவில்லை. வீட்டுக்காரம்மா வாசலில் நின்று பார்த்தாள்.

"நல்லா வந்திருக்கு. பாப்பாவுக்குப் பிடிக்கும்."

"பாப்பா எப்ப வராங்க மேடம்?"

"இந்த வருஷம் எங்க வருது? அடுத்த வருஷம் வந்தாலும் வரும்."

யாரும் சுவரில் கை வைத்துவிடக் கூடாதென்று வீட்டுக்காரம்மா விளக்கை அணைத்து, அறைக் கதவைச் சாத்திப் பூட்டினாள். பூட்டிய பின் ஒருமுறை இழுத்தும் பார்த்துக்கொண்டாள்.