அன்னக்கூடையில் வந்த சிக்னல்

அன்புசெல்வி வீட்டில் நெட்டுக்கு மாசக் கட்டணம் கிடையாது. எல்லாம் அவள் மீன் விற்கும் அலுமினிய அன்னக்கூடையின் புண்ணியம். பக்கத்து வீட்டு வைஃபை இவள் கொல்லைச் சுவர்வரை தட்டுத்தடுமாறி வந்து ஒற்றைக் கோட்டோடு நின்றுவிடும். ஒருநாள் துவைக்கிற கல்லின்மேல் அன்னக்கூடையைச் சுவர்ப் பக்கம் வாய் திருப்பிச் சாய்த்துவைத்து, அதற்குள் போனை நிறுத்தினாள். ஒரு கோடு நாலு கோடாகிவிட்டது! வைத்திக்குப்பத்தில் வேறு எவளுக்கும் இந்த வித்தை தெரியாது. அவளும் சொல்லித்தருகிற ஆள் இல்லை.

பாஸ்வேர்டைக் கொடுத்தவள் பக்கத்து வீட்டுச் சந்திரகலா. அம்மா முகத்தைப் பார்க்கத்தான் அவள் மகன் வினோத்குமார் பாரீசிலிருந்து அந்த இணைப்பைப் போட்டுக்கொடுத்தான். அவன் போய்ப் பதினோரு வருடம். பணம் கட்டுவதை மறக்கவில்லை, கூப்பிடுவதைத்தான் மறந்துவிட்டான்.

சந்திரகலா ஒரு பைசா கேட்கவில்லை. “ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுடி. ரெண்டு பேரு பேசுறத கேட்டு நாளாச்சு,” என்றாள். வெள்ளிக்கிழமை என்றால் அன்னக்கூடையைப் புளி போட்டுத் தேய்த்துவிட வேண்டும், கவிச்சி வாடை வரக்கூடாது. அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமைதான் பிரச்சினையே. அன்புசெல்வியின் புருஷன் முருகையன் மூன்று வருடமாக பஹ்ரைனில் மீன்பிடி லாஞ்சில் இருக்கிறான். வெள்ளி அவனுக்கு லீவு. இவள் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்ததும், முதுகுக்குப் பின்னால் சந்திரகலா நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்கும். ஊரார் காதுபட ஒருத்தி புருஷனிடம் என்னத்தைப் பேசுவாள்? மழையைப் பேசினாள், சங்கரா மீனைப் பேசினாள். ‘வந்துடு’ என்ற ஒரு சொல் மட்டும் ஒரு வருடமாகத் தொண்டையிலேயே கிடந்தது. ராத்திரி அவன் பழைய கைலியை மோந்து பார்த்துவிட்டுத் தூங்குகிறவள் அவள்.

இன்று விட்டால் முடிந்தது. நாளைக்குக் காலையில் அடுத்த இரண்டு வருட வேலை ஒப்பந்தத்தில் அவன் கையெழுத்துப் போடவேண்டும்.

நாற்காலி இழுபட்டது. கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று அன்புசெல்வி வெட்கத்தை விட்டாள்.

“யோவ், கையெழுத்துப் போடாத. வந்துடுய்யா. இங்க கடல் இல்லியா? நீ இல்லாம முடியலய்யா என்னால.”

போன் திரையில் முருகையன் தாடியைச் சொறிந்தான். “ரெண்டே வருசம் செல்வி. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிடும்.”

இத்தனை நாளும் ஒரு தும்மல்கூடப் போடாத சந்திரகலா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பேசினாள்.

“தம்பி, எம்புள்ளயும் இததாம்பா சொன்னான். ரெண்டே வருசம்னு.”

“யாரு செல்வி அது?”

“பக்கத்து வூட்டு அக்கா.”

“அவங்க புள்ள வந்துட்டானா?”

அன்புசெல்வி இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினாள். முருகையன் முகம் அசையாமல் நின்றது. சிக்னல் போய்விட்டதோ என்று பயந்து பார்த்தாள். நாலு கோடும் முழுசாக இருந்தன.

“போடல செல்வி,” என்றான் கடைசியில். “வந்துடறேன்.”

அன்புசெல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்தபோது, சுவருக்கு அப்பால் நாற்காலி மெல்ல உள்ளே இழுபட்டுப் போகும் சத்தம் கேட்டது. அவன் வந்துவிட்டால் இனி எந்த வெள்ளிக்கிழமையும் அந்த அக்கா கேட்பதற்கு ஒரு குரல் இருக்காது. அது தெரிந்துதான் அவள் பேசியிருக்கிறாள்.