நீங்கள் இதைப் பார்த்ததால்

என் மாமனாருக்குப் பல்செட்டு செய்து கொடுத்தவள் நான்தான். மேல் வரிசை, கீழ் வரிசை, இரண்டும் என் கைவேலை. அந்தப் பல்லாலேயே அவர் என்னைக் கடித்துக் குதறுவார் என்று அளவெடுத்த அன்றைக்கே தெரிந்திருந்தால், முன்பல் இரண்டை மழுங்கலாக விட்டிருப்பேன்.

நான் ஒரு பல் லேபில் வேலை செய்கிறேன். டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பல்செட்டு, பல்லுக்கு மேல் மாட்டுகிற கேப் எல்லாம் செய்து தருகிற இடம். பதினோரு வருடமாக மெழுகோடும் ஜிப்சம் மாவோடும் மல்லுக்கட்டி என் விரலில் ரேகையே தேய்ந்துவிட்டது. இப்போது புதிதாக ஒரு மெஷின் வருகிறது. கம்ப்யூட்டரில் பல்லை வரைந்தால் அதுவே செதுக்கித் தந்துவிடுமாம். அதைக் கற்றுக்கொள்ள ஒரே ஒரு ஆளை எட்டு மாதத்துக்கு வேறு ஊருக்கு அனுப்புகிறார்கள். திரும்பி வந்தால் அந்தப் பிரிவு முழுக்க அந்த ஆளின் பொறுப்பு.

"உன் பேரைத்தான் எழுதி வச்சிருக்கேன். மாசக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவைச் சொல்லிடு. இல்லேன்னா அடுத்தது யாருன்னு உனக்கே தெரியும்" என்றார் முதலாளியம்மா.

நன்றாகவே தெரியும். கேப்புக்குச் சாயம் ஏற்றுகிற சிடுமூஞ்சி. எனக்குப் பிறகு மூன்று வருடம் கழித்து வந்தவன். அவன் எனக்கு மேலே உட்கார்ந்து, "இது என்ன பல்லா, பாக்கா?" என்று கேட்பதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிந்தது.

வீட்டில் நானும் மாமனாரும் மட்டும்தான். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். வாரத்தில் இரண்டு நாள் முகம் காட்டினால் அதிசயம். போனில் விஷயத்தைச் சொன்னதும், "நீ தாராளமா போயிட்டு வா. அப்பாகிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்றார். வாயில்லாப் பூச்சி. இருபது டன் சரக்கை மலை ஏற்றுகிற மனுஷனுக்கு அப்பா என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

மாமனார் முப்பத்திரண்டு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். உங்களுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கப் பக்கத்து வீட்டில் பேசிவிட்டேன், ராத்திரிக்குத் தோசை மாவு முதற்கொண்டு ஏற்பாடு, உங்கள் மகன் பக்கத்து ஊர் லோடாகக் கேட்டு வாங்கிக்கொள்வார் என்று வரிசையாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரே வார்த்தை சொன்னார்.

"பார்க்கலாம்."

ரயிலில் கடைசி நேரத்தில் வந்து படுக்கை கேட்டவர்களிடமெல்லாம் சொன்ன அதே பார்க்கலாம். அவர்களில் ஒருவருக்கும் படுக்கை கிடைத்ததாக வரலாறு இல்லை.

இந்த இடத்தில் என் ஒரே கெட்ட பழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். கொரியத் தொடர், ஜப்பான் படம், சீனாவோ தைவானோ, எதையும் விடமாட்டேன். லேபில் சாப்பாட்டு நேரத்தில் என்னைச் சுற்றி ஒரு கூட்டமே இருக்கும். அச்சுக்கு மாவு ஊற்றுகிற பெண் ஒருநாள் எதையோ பறிகொடுத்தவள் போல வந்து நின்றாள். "அக்கா, முடிஞ்சு போச்சுக்கா. அதே மாதிரி இன்னொண்ணு சொல்லுங்க."

அவள் பார்த்து முடித்தது ஒரு டாக்டர் கதை. விவரமில்லாதவர்கள் என்றால் உடனே இன்னொரு டாக்டர் கதையைத் தூக்கிக் கொடுத்திருப்பார்கள். நான் அப்படிச் செய்யமாட்டேன். "எந்த இடத்துல அழுதே?" என்று கேட்டேன்.

"அவன் செத்தப்ப அழலக்கா. அவங்கம்மா அவன் சட்டைய மடிச்சு வச்சாங்க பாருங்க, அங்கதான்."

சலவைக் கடை நடத்துகிற ஒரு ஜப்பான் அம்மாளின் கதையைச் சொல்லி அனுப்பினேன். அதில் யாரும் சாகவில்லை, யாருக்கும் காய்ச்சல்கூட வரவில்லை. மறுநாள் கண் வீங்கி வந்து, "நீங்க நல்லா இருக்கணும்கா" என்றாள். ஒரே மாதிரி என்பது கதையில் இல்லை. பார்க்கிறவர் எங்கே மூக்கை உறிஞ்சினார் என்பதில் இருக்கிறது. இதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. தற்பெருமை என்றால் அப்படியே இருக்கட்டும்.

மாமனாருக்கு மட்டும் இதெல்லாம் வேப்பங்காய். "ஒரு முத்தத்துக்குப் பன்னெண்டு எபிசோடு எடுத்துக்கிறானுங்க. எங்க ரயில் இவ்ளோ தாமதமா வந்திருந்தா டிக்கெட் காசைத் திருப்பிக் குடுத்திருப்போம்" என்று செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சொல்வார்.

அப்படிப்பட்டவரின் குட்டு ஒரு செவ்வாய்க்கிழமை உடைந்தது. வேலையிலிருந்து வந்து டிவியைப் போட்டேன். பிடிக்காமல் மூன்றாவது எபிசோடோடு நான் நிறுத்தியிருந்த ஒரு வாள்சண்டைத் தொடர் ஒன்பதாவது எபிசோடின் முப்பத்திரண்டாவது நிமிடத்தில் நின்றது. அதன் கீழே, 'நீங்கள் இதைப் பார்த்ததால்' என்று ஒரு முழு வரிசை வாள்சண்டை. படம் பார்க்கிற ஆப்பில் எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் ஒரே கணக்கு. உடனே வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"எனக்குத் தூங்கவே நேரமில்ல, இதுல வாள்சண்டை வேறயா?" என்றார்.

டிவியின் முதுகில் கையை வைத்துப் பார்த்தேன். சுட்டது. மாமனார் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு ஜபம் செய்கிறவர் போல உட்கார்ந்திருந்தார். அடேங்கப்பா, என்ன நடிப்பு!

நான் மூச்சுவிடவில்லை. எனக்கு வேறு ஒரு யோசனை வந்துவிட்டது. லேபில் அத்தனை பேருக்கும் அவரவர் மனசறிந்து எடுத்துக் கொடுக்கிறவளுக்கு இந்த ஒரு கிழவர் எம்மாத்திரம்?

இனிமேல் பார்க்க வேண்டியதைச் சேர்த்து வைக்க அந்தக் கணக்கில் ஒரு பட்டியல் உண்டு. அதன் முதல் இடத்தில் ஒரு கொரியத் தொடரை வைத்தேன். ஒரு தீவு. அங்கே ஒரு மருமகள் கப்பல் ஓட்டப் படிக்கப் போக வேண்டும் என்கிறாள். பிடிவாதம் பிடித்த மாமனார் விடமாட்டேன் என்கிறார். பதினாலாவது எபிசோடில் அவரே அவள் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்கு வருகிறார். கல்லும் கரையும். நானே மூன்று தடவை கரைந்திருக்கிறேன்.

பதினாறு எபிசோடையும் நாலே நாளில் முடித்துவிட்டார். சாப்பிடும்போது வாயைப் பிடுங்கிப் பார்த்தேன்.

"கண்ணு ஏன் மாமா இப்படிச் செவந்திருக்கு?"

"தூசி."

"வீட்டுக்குள்ளயா?"

"நீ பெருக்கற லட்சணத்துக்கு வீட்டுக்குள்ளதான் விழும்."

சரி, மருந்து வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நாள் டிவியைப் போட்டால் பட்டியலின் தலையில் நான் வைக்காத ஒரு ஜப்பான் படம். அவர் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்த நேரத்தில் அதைப் பார்த்தேன். ஒரு கிழவர். பிள்ளை, மருமகள் எல்லாரும் பட்டணம் போய்விடுகிறார்கள். ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் வணக்கம் சொன்னால் இவர் பதில் வணக்கம் சொல்கிறார். நான் முந்தானை நனைய அழுது முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் போட்டபோது படம் கடைசி நிமிடத்தில் நின்றிருந்தது. அப்படியென்றால் இதை அவர் ஏற்கெனவே பார்த்து முடித்திருக்கிறார். பார்த்து முடித்ததை எவராவது மறுபடி பட்டியலின் தலையில் வைப்பார்களா? எனக்காக வைத்திருக்கிறார்! என் தந்திரம் தெரிந்து, அதே தந்திரத்தால் திருப்பி அடிக்கிறார் கல்லுளிமங்கன்.

அன்று தொடங்கியது சண்டை. வாயால் ஒரு வார்த்தை கிடையாது. எழுபது வயதில் புதிதாக நாலு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் சுற்றுகிற தைவான் தாத்தாவின் கதையை நான் வைத்தேன். மருமகள் இல்லாத வீட்டில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொள்கிற தாத்தாவின் கதையை அவர் வைத்தார். படித்து முன்னுக்கு வந்து குடும்பத்தையே காப்பாற்றுகிற மருமகளை நான் வைத்தேன். சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் உப்பு, காரம் தவிர வேறெதுவும் பேசவில்லை.

நடுவில் வீட்டுக்காரர் போன் செய்தார். "சரக்கு ஏத்தற வரைக்கும் எதாவது பாக்கலாம்னு போட்டா ஒரே கிழவனுங்களா வருது. ஒண்ணு விழறான், ஒண்ணு அழறான். நம்ம கணக்கை யாரோ திருடிட்டாங்கபோல. பாஸ்வேர்டை மாத்தட்டா?"

"கைய வச்சீங்கன்னா தெரியும்" என்றேன். ஏன் என்று கேட்கிற தைரியம் அவருக்கு ஏது?

கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது மாமனார் ஒரு சீனத் தொடரை வைத்தார். படிக்கப் போன மருமகள் வாத்தியாரோடு ஓடிப்போகிற கதை. எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. பதினோரு வருடம் இந்த வீட்டில் மாடாய் உழைத்ததற்கு இதுதான் பேச்சா? வந்த ஆத்திரத்தில் ஒன்றைத் தேடிப் பிடித்து முதல் இடத்தில் வைத்தேன். மருமகளைப் பாடாய்ப்படுத்துகிற மாமனார் முதல் எபிசோடிலேயே செத்துப்போய்ப் பேயாக அலைகிற நகைச்சுவைத் தொடர்.

வைத்தபோது சிரிப்பு வந்தது. அடுத்த நாள் பார்த்தேன். நாலாவது நிமிடத்தில் நின்றிருந்தது. அதற்கு அடுத்த நாளும் அதே நாலாவது நிமிடம். வேறெதையும் அவர் தொடவில்லை. டிவியின் முதுகு சில்லென்று இருந்தது. சாப்பாட்டில் உப்பில்லை என்றுகூடச் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். நான் செய்தது தப்பு, பெரிய தப்பு என்று எனக்கே தெரிந்தது. லேபில் யாருக்காவது இப்படி ஒன்றைக் கொடுத்திருப்பேனா?

வியாழக்கிழமை சாயங்காலம் பையைக்கூடக் கீழே வைக்காமல் அவர் முன்னால் போய் நின்றேன்.

"மாமா, அந்தப் பேய்க் கதைய நான் வச்சிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க."

"எந்தப் பேய்க் கதை?"

"நடிக்காதீங்க மாமா. ரெண்டு பேருக்கும் எல்லாம் தெரியும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"அது கெடக்கட்டும்மா. அந்தப் படகுக்காரி கதை வச்சே பாரு, நல்லாத்தான் இருந்துச்சு. அந்தாளு பெட்டியத் தூக்கிட்டு வந்தான், இவ கப்பல்ல ஏறினா, கையாட்டினா. அப்புறம் ரெண்டு எபிசோடும் அவ கப்பல், அவ தொப்பி, அவ மெடலு. அந்தக் கெழவன் திரும்பி வீட்டுக்கு நடந்து போனானே, போய் என்ன பண்ணான்? கதவைத் தொறந்தானா, சாப்பிட்டானா, எங்க உக்காந்தான்? பதினாறு எபிசோடு எடுத்தவனுங்க அதுக்கு ஒரு சீன் வைக்கல. நான் ரெண்டு தடவை தேடிப் பாத்தேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மூன்று தடவை பார்த்தேன், ஒன்பது பேருக்குச் சொல்லியிருக்கிறேன். துறைமுகத்திலிருந்து அந்தக் கிழவர் எப்படித் திரும்பிப் போனார் என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை. எங்கே அழுதீர்கள் என்று ஊரையெல்லாம் கேட்கிறவள், எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனுஷரைக் கேட்கவில்லை.

"பயமா இருக்கா மாமா?"

"ஆமாம்மா" என்றார். ஒளிக்காமல், குழந்தை சொல்வது மாதிரி சொன்னார்.

"அப்ப நான் போகல" என்றேன். வாய் சொல்லிவிட்டது, மனசு உள்ளே ஐயோ என்று அலறியது.

அவர் என் முகத்தையே பார்த்தார். டிக்கெட் இல்லாதவனை முகத்தை வைத்தே கண்டுபிடித்த மனுஷர்.

"பொய் சொல்லாதே. அந்தச் சிடுமூஞ்சி உன் தலைமேல ஏறி உக்காந்தான்னா தினம் சாயங்காலம் வந்து என்கிட்டதான் கத்துவே. எனக்கு எதுக்கு அந்தத் தலைவலி? போயிட்டு வா."

நான் அங்கேயே அழுதேன். அவர் என்னை அழவிட்டார். பிறகு ரிமோட்டை எடுத்து ஒரு சீனத் தொடரைக் காட்டினார். அறுபது எபிசோடு. "இதுல நீயும் ஒண்ணும் பாக்கல, நானும் பாக்கல. ஒரு நாளைக்கு ஒண்ணு. நீ அங்க பாரு, நான் இங்க பாக்கறேன். ஒண்ணுக்கு மேல பாத்தா திருட்டு" என்றார்.

சத்தியம் செய்து கொடுத்தேன். அடுத்த மாதம் முதல் தேதி, காலை ஆறு மணிப் பேருந்தில் கிளம்பினேன். அவர் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. வாசலில் நின்று, "சில்லறை வச்சிருக்கியா?" என்று மட்டும் கேட்டார்.

சாயங்காலம் ஏழு மணிக்கு விடுதி அறையில் கட்டிலில் உட்கார்ந்து ஆசையாகப் போனைத் திறந்தேன். பார்த்தால், தொடர் பதினோராவது எபிசோடின் கடைசியில் நிற்கிறது. பதினொன்று! முதல் நாளே! உடனே அவருக்குப் போன் போட்டேன். எடுத்ததும் பிடித்துக்கொண்டேன்.

"முப்பத்திரண்டு வருஷம் ஊரையெல்லாம் பிடிச்சீங்களே, உங்களை யார் மாமா பிடிக்கிறது? ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு சொன்னது நானா, நீங்களா? இப்ப நான் எப்ப பதினொண்ணு பாத்து உங்களைப் பிடிக்கிறது? வாக்குன்னா ஒரு மதிப்பு வேணாம்?"

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

"ஒண்ணு முடிஞ்சதும் நிறுத்தினேம்மா. சத்தியமா நிறுத்தினேன். வீடு ஒரே அமைதியா இருந்துச்சு. அதான் அடுத்ததைப் போட்டேன்."

திட்டுவதற்கு வாயில் வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்துபோனது.

"கதை எப்படி மாமா இருக்கு?"

"யார் பாத்தா? அது பாட்டுக்கு ஓடட்டும்னு விட்டுட்டு உக்காந்திருந்தேன்."

நான் மூக்கை உறிஞ்சியது அவருக்குக் கேட்டிருக்கக் கூடாது என்று போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப பாக்காத கணக்குதான். மறுபடி முதல் எபிசோடைப் போடுங்க. நானும் போடறேன். போனை வைக்காதீங்க, அப்படியே பக்கத்துல வைங்க."

"ரெண்டு பக்கமும் சேர்ந்து கத்துமே?"

"கத்தட்டும் மாமா."

அவர் எழுந்து ரிமோட்டைத் தேடுகிற சத்தம் கேட்டது.