ஆடாதவளுக்கும் வெண்கலம்

விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவு திறந்ததும் வெளியே செண்டை மேளம் முழங்கத் தொடங்கியது. ஜானவி ஒரு நொடி அது தனக்கும்தான் என்று நினைத்து முகத்தைச் சரிசெய்துகொண்டாள். மாலை வைத்திருந்தவர்கள் அத்தனை பேரும் அவளைத் தாண்டி, பின்னால் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்த திவ்யலட்சுமியைப் பார்த்துக்கொண்டிருந்தது அப்புறம்தான் அவள் கண்ணில் பட்டது.

ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் டேபிள் டென்னிஸ் அணிக்கு வெண்கலம். அணியில் ஐந்து பேர். அவர்களில் இருவர் திருவனந்தபுரத்துக்காரிகள், ஒரே கிளப்பில் ஒரே மேஜையில் ஆடி வளர்ந்தவர்கள். ஜானவி வலியசாலை அக்ரஹாரத்துப் பெண். அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஏஜீஸ் ஆபீஸில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. திவ்யலட்சுமி அவளுக்கு மூன்று வயது இளையவள். சாலைக் கடைத்தெருவில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் பகவதிப்பெருமாளின் மகள். சின்ன வயதில் இரண்டு பேரையும் போட்டிகளுக்குத் தன் வேனில் ஏற்றிக்கொண்டு போனவர் அவர்தான். இப்போதும் மகளுக்கு ஒரு மாலை போட்டுவிட்டு, ஞாபகம் வந்தவராக இன்னொன்றை எடுத்து ஜானவியின் கழுத்தில் போட்டார்.

"நம்ம ரெண்டு பிள்ளேளும் ஊருக்குப் பேரு வாங்கிக் குடுத்தாச்சு, கேட்டியளா!" என்று கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

அந்த இரண்டாவது மாலை ஜானவியின் கழுத்தில் அரித்தது.

வெளியே ஒரு பெரிய ஃப்ளெக்ஸ். திவ்யா பேட்டை ஓங்கியபடி ஆளுயரத்துக்கு நின்றாள். கீழ் மூலையில், ஒரு ரூபாய் நாணயத்தைப் போன்ற வட்டத்துக்குள் ஜானவியின் முகம். அதுவும் பழைய பாஸ்போர்ட் படம். அதைத் தேடி எடுத்துக் கொடுத்தது யார் என்று அவளுக்குத் தெரியும். அம்மா நாகலக்ஷ்மி கூட்டத்தின் ஓரத்தில் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, மகளைப் பார்க்காமல் அந்த ஃப்ளெக்ஸையே முறைத்துக்கொண்டு நின்றாள்.

திறந்த ஜீப்பில் திவ்யா ஏறினாள். ஏறியவள் குனிந்து கை நீட்டி, "சேச்சி, வாங்க. சேச்சி இல்லாம நான் போக மாட்டேன்" என்று ஜானவியை மேலே இழுத்துக்கொண்டாள். டிவிக்காரர்கள் மைக்கை நீட்டியதும் மலையாளத்தில் கடகடவென்று பேசினாள். கால் இறுதியில் தான் தோற்கப்போன நேரத்தில் ஜானுச்சேச்சி சொல்லிக் கொடுத்த ஒரு வார்த்தையால்தான் ஜெயித்தேன் என்றாள். பாதி மெடல் சேச்சியுடையது என்றாள். ஜனங்கள் கை தட்டினார்கள். பக்கத்தில் நின்ற ஒரு கிழவர், "எத்ர நல்ல குட்டி!" என்று நெகிழ்ந்துபோனார்.

நல்ல பெண் என்று அவர் சொன்னது திவ்யாவை. ஜானவி சிரித்தபடி கையசைத்தாள். ஜெயமும் அவளுக்கு, ஜெயித்ததை விட்டுக்கொடுக்கிற பெரிய மனசும் அவளுக்கு. தனக்கு என்ன மிச்சம் என்று யோசித்துப் பார்த்தாள். பாஸ்போர்ட் படம்தான்.

திவ்யா சொன்னது பொய்யில்லை. நடந்தது இதுதான்.

தேர்வுப் போட்டியில் ஜானவி மூன்றாவதாக வந்தாள், திவ்யா நான்காவதாக. அணி ஆட்டத்தில் மூன்று பேர்தான் ஆட முடியும். மூன்றாவது ஆள் தான்தான் என்று நம்பி ஜானவி போயிருந்தாள். ஆனால் அங்கே பயிற்சியில் திவ்யாவின் வேகத்தைப் பார்த்த கோச் அவளை உள்ளே இறக்கிவிட்டார். ஜானவி முதல் ஆட்டத்திலிருந்து கடைசி ஆட்டம் வரை பெஞ்சில் உட்கார்ந்து, துண்டு எடுத்துக் கொடுத்து, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து கொடுத்தாள்.

கால் இறுதி தாய்லாந்தோடு. இரண்டுக்கு இரண்டு என்று சமமாகி, ஐந்தாவது ஆட்டத்துக்குத் திவ்யா போனாள். ஜெயித்தால் பதக்கம் நிச்சயம், தோற்றால் வீட்டுக்கு. எதிரே நின்ற பெண் பேட்டின் ஒரு பக்கத்தில் முள்முள்ளான ரப்பர் ஒட்டியிருந்தாள். நாம் பந்தைச் சுழற்றி அடித்தால் அந்தச் சுழற்சியையே நமக்கு எதிராகத் திருப்பி அனுப்புகிற ரப்பர் அது. திவ்யா ஓங்கிச் சுழற்றி அடிக்க அடிக்க, பந்து வலையில் போய் விழுந்தது. இரண்டு கேம் போய்விட்டது, ஒன்றுதான் கையில். நான்காவது கேமில் எட்டுக்கு நாலு என்று பின்தங்கியபோது கோச் டைம் அவுட் கேட்டார்.

அந்தத் தாய்லாந்துப் பெண்ணை ஜானவிக்குத் தெரியும். முன்பொரு போட்டியில் அவளை வென்றிருக்கிறாள். அவளிடம் என்ன செய்ய வேண்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்த முதல் நிமிஷத்திலிருந்தே தெரியும். வாயைத் திறக்கவில்லை. திவ்யா ஒவ்வொரு புள்ளியாக இழந்தபோது ஜானவிக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. 'இவள் தோற்கட்டும். ஜானவியை இறக்கியிருக்கலாமே என்று நாளைக்கு எல்லோரும் சொல்லட்டும்.' நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு இப்படி நினைக்கிறோமே என்று பயமாகவும் இருந்தது. ஆனாலும் நினைத்தாள்.

கோச் இந்தியில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். திவ்யா அதைக் காதில் வாங்கவில்லை. வியர்வை சொட்ட ஜானவியின் பக்கம் திரும்பி, "சேச்சி, நீங்க இவகூட ஆடியிட்டுண்டல்லோ! என்ன செய்யட்டும்? சொல்லுங்க" என்றாள்.

ஜானவி தண்ணீர் பாட்டிலைத் திருகிக்கொண்டே இருந்தாள். நடுவர் நேரம் முடிந்தது என்று கையைத் தூக்கினார். அப்போதுதான் அது வாயிலிருந்து வந்தது.

"சுத்தாதே. சும்மா பந்தா, நீளமா, அவ முள்ளுப் பக்கத்துக்குப் போடு. அவளுக்குத் திருப்பறதுக்கு ஒண்ணும் இருக்காது."

பெரிய மனசு ஒன்றும் இல்லை. தனக்குத் தெரியும் என்று காட்டாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். இதை அவள் பின்னால் பல தடவை நினைத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

திவ்யா சும்மா பந்தாகப் போட்டாள். எதிரே நின்றவள் தடுமாறினாள். அந்தக் கேமும் அடுத்ததும் திவ்யாவுக்கு. அரை இறுதியில் ஜப்பானிடம் மூன்று பேரும் வரிசையாகத் தோற்றார்கள். அங்கே திவ்யா தோற்றபோது ஜானவிக்கு வயிற்றில் குளிர்ச்சியாக ஒரு சின்ன நிம்மதி வந்தது. அரை இறுதியில் தோற்றவர்களுக்கும் வெண்கலம் உண்டு. மேடையில் ஐந்து கழுத்துகளில் ஐந்து பதக்கங்கள்.

வலியசாலையில் ஒரு வாரம் வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பதக்கத்தை வாங்கிக் கையில் எடை பார்த்துவிட்டு, எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "எத்தனை மேட்ச்டி ஜெயிச்சே?" கோயிலில் வேலை பார்க்கும் அப்பா சேஷன், கேள்வி வரும் என்று தெரிந்தவுடன் எழுந்து உள்ளே போய்விடுவார். அம்மாதான் சமாளிப்பாள். "டீம்னா எல்லாரும் சேர்ந்துதான் மாமி. ராமன் கேஸ் ஜெயிச்சா அதுல குமாஸ்தாவுக்குப் பங்கு இல்லியா?" என்று பக்கத்து வீட்டு வக்கீலையே உதாரணம் காட்டினாள். மாமி போன பிறகு மகளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி, ஒரு மேட்ச் கூடவா ஆட விடலை? அந்தப் பொண்ணுக்குக் கிழக்கே கோட்டையிலேர்ந்து சாலை வரைக்கும் ஃப்ளெக்ஸ் வெச்சிருக்கா. நேக்குக் கோயிலுக்குப் போற வழியெல்லாம் அவ மூஞ்சிதான்."

"நான் சொல்லிக் குடுத்துதான் அவ ஜெயிச்சாம்மா" என்றாள் ஜானவி. சொன்னதும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அதனால் முழுக் கதையையும் சொன்னாள். தான் வாயை மூடிக்கொண்டிருந்த பகுதியை மட்டும் விட்டுவிட்டாள்.

அம்மாவின் வாயில் விழுந்த கதை வளர்ந்தது. மகேஷ்குமார் என்று ஒரு யூடியூப்காரன் கேமராவோடு வந்தான். நாகலக்ஷ்மி கூடத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பந்தையும் எங்கே போட வேண்டும் என்று தன் மகள் பெஞ்சிலிருந்து சொல்லச் சொல்லத்தான் அந்தப் பெண் ஆடினாள் என்றாள். மூன்றாவது இடம் நியாயமாக யாருக்கு வர வேண்டியது என்றும், பணம் உள்ளவர்களுக்கு எல்லாம் நடக்கும் என்றும் சொன்னாள். ஜானவி சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். ஒரு குரல் கொடுத்தால் நிறுத்தியிருக்கலாம். காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டாள்.

'பதக்கம் யாருடையது?' என்று மலையாளத்தில் தலைப்பு வைத்து அவன் அதைப் போட்டான். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பார்த்துவிட்டது. கீழே வந்த வசவுகளில் திவ்யாவை மட்டுமில்லாமல் பகவதிப்பெருமாளின் கடையையும் இழுத்தார்கள். ஜானவி ஒவ்வொன்றாகப் படித்தாள். முதல் பத்து இனித்தது. அப்புறம் கசந்தது. ஆனாலும் படிப்பதை நிறுத்த முடியவில்லை.

திவ்யாவிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது. 'நாளைக்குக் காலம்பற கிளப்புக்கு வாங்க. பேட் கொண்டு வரணும்.'

கிளப்பில் வேறு யாரும் இல்லை. திவ்யா வணக்கம்கூடச் சொல்லவில்லை. வலையைக் கட்டிவிட்டு, "அஞ்சு கேம். ஊரு பாக்க வேண்டாம். நம்ம ரெண்டு பேரும் பாத்துக்கிட்டா போரும். மூணாவது இடம் யாருக்குன்னு" என்றாள்.

அப்படி ஒரு ஆட்டத்தை அந்த மேஜை பார்த்திருக்காது. திவ்யா கோபத்தில் அடித்தாள். பந்து பளார் பளார் என்று வந்தது. ஜானவிக்கும் பெஞ்சில் உட்கார்ந்த நாட்களெல்லாம் கையில் வந்து சேர்ந்திருந்தன. முதல் கேம் திவ்யாவுக்குப் போனது. இரண்டாவதும் மூன்றாவதும் ஜானவிக்கு. நான்காவதில் இழுத்துக்கொண்டே போய், பதினொன்றுக்குப் பத்து என்று ஜானவி முன்னால் நின்றபோது திவ்யா அடித்த பந்து மேஜையை விட்டு வெளியே போனது.

ஜானவி ஜெயித்துவிட்டாள். பார்க்க ஒரு ஆள் இல்லை.

திவ்யா பேட்டை மேஜையில் ஓங்கி அறைந்தாள். ஓரம் பிளந்து ஒரு சில்லு தெறித்தது. "போருமா? இப்போ சமாதானமாச்சா?" என்று கத்தினாள். "நான் போன இடத்துல எல்லாம் சேச்சியைப் பத்தி நல்லதுதானே சொன்னேன்? எனக்கு ஏன் இதைச் செஞ்சீங்க?"

"அதுதான் தாங்கலை" என்றாள் ஜானவி. குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "நீ ஜெயிச்சதைக்கூடப் பொறுத்துண்டிருப்பேன். ஜெயிச்சவளே நல்லவளாவும் இருந்தா நான் எங்கடி போறது?"

திவ்யா அவளையே பார்த்தாள். பிறகு தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நான் ஒண்ணும் நல்லவ இல்ல" என்றாள். "டைம் அவுட்டுல சேச்சி சொன்னது கேமராவில வந்தாச்சு. நாளைக்கு சேச்சியே வெளியில சொன்னா எனக்கு நாணக்கேடு. அதான் முந்திக்கிட்டு நானே சொல்லிட்டேன். சொன்னதும் எல்லாரும் கை தட்டினாங்க. நல்லா இருந்துச்சு. அப்புறம் எல்லா மைக்குலயும் சொன்னேன்."

ஜானவி தெறித்து விழுந்த சில்லைக் குனிந்து எடுத்தாள்.

"இன்னொண்ணும் உண்டு. டிரயல்ஸ்ல சேச்சி எனக்கு மேல வந்தீங்கல்லா? அன்னைக்கு நேரா பழவங்காடிக்குப் போயி, சேச்சிக்குக் கை சுளுக்கணும்னு பிள்ளையாருக்குத் தேங்கா நேந்துக்கிட்டேன்."

"சுளுக்கலையே."

"இல்ல. அதனால தேங்காயும் உடைக்கல."

ஜானவிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் அவளும் தரையில் உட்கார்ந்தாள். திவ்யா முதலில் முறைத்தாள், பிறகு அவளும் சேர்ந்துகொண்டாள். இத்தனை நாட்களாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த நல்ல பெண் ஒருத்தி அந்த அறையை விட்டு எழுந்து போனது போல ஜானவிக்கு இருந்தது. எதிரே இருந்தது தன்னைப் போலவே ஒரு பொறாமைக்காரி. அவளோடு சண்டை போடலாம், அவளை ஜெயிக்கலாம், அவளிடம் தோற்கவும் தோற்கலாம்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள் ஜானவி. "எட்டுக்கு நாலு ஆறதுக்கு முன்னாடியே நேக்குத் தெரியும். ரெண்டு கேம் நீ தோக்கறதைப் பார்த்துண்டு சும்மா உக்காந்திருந்தேன்."

திவ்யா சிரிப்பை நிறுத்தினாள். கையிலிருந்த பேட்டின் பிளந்த ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

"இதை எங்க அப்பாகிட்டச் சொல்லிடாதீங்க" என்றாள் கடைசியில். "அவரு சேச்சியை ரொம்ப நம்புவாரு."

வீட்டுக்கு வந்ததும் ஜானவி யூடியூப்காரனைக் கூப்பிட்டு அந்த வீடியோவை எடுத்துவிடச் சொன்னாள். அவன் எடுக்கவில்லை, அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதனால் அதன் கீழேயே தன் பெயரைப் போட்டு எழுதினாள். 'நான் சொன்னது ஒரே ஒரு வரி. தோற்கிற நேரத்தில் கை நடுங்காமல் அதைச் செய்து காட்டியது திவ்யலட்சுமி. பதக்கம் அவளால் வந்தது.' அம்மா அதைப் படித்துவிட்டு இரண்டு வேளை பேசவில்லை. மூன்றாவது வேளை, சாம்பாரை ஊற்றும்போது, "உன் தலைல நீயே மண்ணைப் போட்டுக்கோ" என்றாள்.

ஆனால் ஊர் அப்படி நினைக்கவில்லை. எவ்வளவு உயர்ந்த மனசு, இதல்லவா விளையாட்டு வீராங்கனை என்று ஜானவியைப் பாராட்டி ஆயிரக்கணக்கில் எழுதினார்கள். அவள் படித்த பள்ளிக்கூடத்திலிருந்து பேசக் கூப்பிட்டார்கள். கிளப்பில் திவ்யா தன் போனில் அதையெல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"எனக்கு வந்ததைவிட சேச்சிக்குத்தான் கூட லைக்கு" என்றாள். முகம் சுருங்கியிருந்தது. "இப்போ எனக்கு எரியுது, சத்தியமா."

"எரியட்டும்" என்றாள் ஜானவி. அன்று இரவு நெடுநாளைக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டாள்.

அடுத்த தேர்வுப் போட்டி மார்ச்சில் என்று அறிவித்துவிட்டார்கள். இரண்டு பேரும் தினமும் காலையில் ஒன்றாகத்தான் பயிற்சி செய்கிறார்கள். பகவதிப்பெருமாள் இருவருக்கும் சேர்த்துப் பழம் கொடுத்தனுப்புகிறார். ஜானவி புதிதாக ஒரு சர்வீஸ் பழகிக்கொண்டிருக்கிறாள். அதற்கு மட்டும் அரை மணி முன்னதாக வந்துவிடுவாள். வாசலில் திவ்யாவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் நிறுத்திவிட்டு, சும்மா பந்தைத் தட்டிக்கொண்டிருப்பாள்.