லாபம், ரெண்டு

அபயாம்பாள் அரிசி டப்பாவைத் திறந்து ஆழாக்கைக் கையில் எடுத்ததும், கணவர் நாணு காபியை அப்படியே வைத்துவிட்டுச் சமையலறை வாசலுக்கு வந்தார். மகள் மாதங்கி ஏற்கெனவே அங்கே நின்றிருந்தாள். ஞாபகம் தப்பிப்போன அம்மாவை பெங்களூருக்கு அழைத்துப்போய் ஒரு காப்பகத்தில் சேர்க்க முந்தின நாள்தான் காரில் வந்திருந்தாள்.

"அவ என்னை மறக்கலை. தினம் ரெண்டு பேருக்குன்னு அளக்கறா. காலம்பற நீயே பாரு. அளக்கலேன்னா அழைச்சுண்டு போ" என்று ராத்திரி அவளிடம் வாயை விட்டவர் நாணுதான்.

வேலைக்காலம் முழுக்க தில்லியில் பொருளாதாரம் கற்பித்தவர் அவர். நெல்லுக்கு அரசாங்கம் விலை வைக்கக் கூடாது, சந்தையை அதன் போக்கில் விட வேண்டும் என்று எழுதி எழுதியே சொந்த ஊரான திருக்காட்டுப்பள்ளியில் வசவு வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைத்தெருவில் அவருக்கு 'சந்தை சார்' என்றுதான் பேர். எந்த மேடையிலும் பேச்சை ஒரே மாதிரிதான் தொடங்குவார்: "எங்கள் ஊரில் நெல் அளப்பவன் ஒன்று என்று சொல்ல மாட்டான், லாபம் என்பான். எங்களுக்கு எண்ணிக்கையே லாபத்தில்தான் ஆரம்பம்." அரங்கம் சிரிக்கும். மாமியாரைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே தங்கிவிட்ட அபயாம்பாளிடம், லீவில் வரும்போது இதைப் பெருமையாகச் சொல்வார். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

"ஒண்ணுன்னா ஒண்ணோட நின்னுடுமோன்னு பயந்துண்டு சொல்றது அது. அதைப் போய் வியாபாரமாக்கறேளே!"

தனக்கு என்ன வேண்டும் என்பது அவரவருக்குத்தான் தெரியும், அதில் அடுத்தவர் முடிவெடுப்பது அக்கிரமம் என்பதுதான் நாணுவின் கொள்கை. இப்போது அபயாம்பாளுக்காக முடிவெடுக்க இரண்டு பேர் வாசலில் நிற்கிறார்கள்.

"லாபம்" என்றாள் அவள். பாத்திரத்தில் அரிசி விழுந்தது. இரண்டாவதை முகந்த கையோடு நின்றுவிட்டாள்.

ரெண்டு என்று எடுத்துக்கொடுக்க நாணுவுக்கு நாக்கு துடித்தது. மகள் பார்க்கிறாளே என்று அடக்கிக்கொண்டார்.

"இது யாருக்கு?" என்று அவரையே கேட்டாள்.

"எனக்குத்தான், அபயம்."

அவள் அவரை நன்றாகப் பார்த்தாள். வந்தவரைப் புண்படுத்தக் கூடாதே என்கிற தயக்கத்தோடு சொன்னாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்கோ. ஆத்துக்காரர் டில்லில இருக்கார். லீவுக்குத்தான் வருவார். அவர் வந்தாத்தான் ரெண்டு."

மாதங்கி கூடத்துக்குப் போய்விட்டாள். நாணுவுக்கு அழுகை வந்தது. "வந்துட்டேன்டி" என்றார். அது அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

அபயாம்பாள் இரண்டாவது ஆழாக்கை ஒரு மணி சிந்தாமல் டப்பாவிலேயே கொட்டி மூடினாள். பிறகு பாத்திரத்தில் கிடந்த லாபத்துக்குத் தண்ணீர் விட்டுக் களையத் தொடங்கினாள்.